உங்களுக்குத் தெரியுமா? தொட்டிக்குள் ஒரு வேலிச் சண்டை

தை மாதத்தில் றிச்மண்ட் ஹில்லில் காரின் கதவு உறைந்துபோய்த் திறக்க மாட்டேன் என்று நிற்கும். அதே நாளில் பேஸ்மென்ற் படி இறங்கினால் என் தொட்டித் தண்ணீர் 25 பாகைச் சூட்டில் இருக்கும். உள்ளே பச்சையும் ஊதாவும் செம்மஞ்சளுமாகப் பவளங்கள் ஆடிக்கொண்டிருக்கும். பேவியூ வீதிப் பிள்ளையார் கோயிலுக்கு வந்த கையோடு எங்கள் வீட்டுக்கும் வந்துபோகிற உறவினர்கள் தொட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். முதற் கேள்வி: "இது பிளாஸ்ரிக்கோ?" இரண்டாவது: "எல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்து வைச்சா எவ்வளவு வடிவாயிருக்கும். ஏன் தம்பி இப்பிடி இடம் விட்டு விட்டு வைச்சிருக்கிறாய்?"

இந்த முறை பத்தி அந்த இரண்டாவது கேள்விக்கு.

● பவளம் செடியுமில்லை, கல்லுமில்லை, விலங்கு. இதைச் சொல்லப்போய் அவமானப்பட்டவர் ஒருவர் இருக்கிறார். பிரான்சின் மார்செய் நகரத்து மருத்துவர் பெய்சொனெல், பவளத்தின் 'பூக்கள்' உண்மையில் சிறு பிராணிகள் என்று 1720களில் கண்டு எழுதினார். பாரிஸ் அறிவியற் கழகத்தில் அதை எடுத்துச் சொன்ன பெரிய விஞ்ஞானி ரெயோமூர், இப்படி உளறியவரின் மானம் போகக்கூடாதே என்று பெயரை மறைத்துவிட்டு மறுத்துப் பேசினார். பெய்சொனெல் சொன்னதே சரியென்று ஏற்கப் பிறகு சில பத்தாண்டுகள் பிடித்தன.

● விலங்குதான், ஆனால் நகரமாட்டாத விலங்கு. பக்கத்தில் இருப்பது வளர்ந்து வந்து வெளிச்சத்தை மறைத்தால் எழுந்து போக வழியில்லை. அடிபட்டுத்தான் இடம் பிடிக்கவேண்டும். ஒரு முழ எல்லைக்காகக் கதியாலைப் பிடுங்கி நட்டு, இரண்டு தலைமுறை கோட்டுப் படியேறிய யாழ்ப்பாணத்து வேலிச் சண்டைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

● பகலில் அடக்க ஒடுக்கமாக இருக்கும் பவளம் இரவில் வேறு ஆள். கலக்ஸியா என்ற இனம் விளக்கணைந்த பிறகு நூல்போன்ற நீளக் கைகளை நீட்டும்; ஒரு சாண் தூரம்கூடப் போகும். நுனி முழுக்கக் கொட்டும் உயிரணுக்கள். நீரோட்டத்தில் அலைந்து, பட்ட இடத்தைச் சுட்டுவிட்டு, விடியுமுன் உள்ளே போய்விடும். பல இனங்களுக்கு இந்தக் கைகள் எப்போதும் இருப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. அயலில் ஒரு எதிரி இருப்பது உடம்பில் பட்ட பிறகு, சில வாரங்களில் வளர்த்துக்கொள்கின்றன. "வாங்கி வைச்சு மூண்டு கிழமை ஒண்டும் நடக்கேல்லை, இப்ப ஏன்?" என்று புதிதாக வளர்க்கிறவர்கள் தலையைச் சொறிவது இதனால்தான்.

நானும் சொறிந்தவன். முதல் வருடம் ரோர்ச் பவளம் ஒன்றை, தங்க நிற நுனியில் மயங்கி, மான்கொம்புப் பவளத்திலிருந்து நாலு விரற்கடை எட்டத்தில் வைத்தேன். பகலில் அளந்து வைத்த இடைவெளி. ஒரு காலை பார்த்தால் மான்கொம்பின் ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை. பம்பு தண்ணீரைத் தள்ளுகிற திசையிலேயே ரோர்ச்சின் கைகள் நீண்டிருக்கின்றன. நான் பார்த்தது தூரத்தை மட்டும், திசையைப் பார்க்கவில்லை. இப்போது கொட்டுகிற சாதிகளை நீரோட்டம் போய்ச் சேரும் பக்கத்தில் வைக்கிறேன். அவர்கள் கை நீட்டினால் கண்ணாடியில் தடவட்டும்.

● எதிரியை அவன் வீட்டில் வைத்தே சமிபாடு செய்துவிடும் பவளங்களும் உண்டு. வயிற்றுக்குள்ளிருக்கும் மெல்லிய இழைகளை வெளியே தள்ளி, பக்கத்துப் பவளத்தின் சதைமேல் விரித்துவிடும். சில மணி நேரத்தில் அந்த இடத்தில் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். ஜூடித் லாங் என்ற ஆய்வாளர் ஜமேய்க்காவில் ஸ்கொலிமியா என்ற தட்டுப் பவளங்களைச் சோடி சோடியாக அருகில் வைத்துப் பார்த்தார். சில சோடிகள் பேசாமல் கிடந்தன. சிலவற்றில் ஒன்று மற்றதைத் தின்றது. ஒரே இனம் என்று அதுவரை எண்ணியிருந்தவை உண்மையில் இரண்டு இனங்கள் என்பது அந்தச் சண்டையில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1971இல் அதை எழுதினார்; யார் யாரை வெல்வார் என்று கரிபியன் பவளங்களுக்கு ஒரு வரிசையே போட்டுக் கொடுத்தார்.

அந்த வரிசையில் ஒரு நியாயம் தெரிகிறது. மெதுவாக வளரும் உருண்டைப் பவளங்கள்தான் சண்டியர்கள். கெதியாக வளரும் மான்கொம்பு கைச்சண்டையில் சோனி. ஆனால் மேலே கிளைவிட்டு நிழல் விழுத்தி, கீழே உள்ளவரைப் பட்டினி போட்டு வெல்லும்.

● தோல் பவளம், காளான் பவளம் போன்ற மென்பவளங்களைச் 'சாதுக்கள்' என்று கடைக்காரர் சொல்வார். நம்பாதீர்கள். அவை தொடாமலே அடிப்பவை. சினுலேரியா, சார்கொஃபைற்றன் போன்றவை தெர்ப்பீன் வகை இரசாயனங்களைத் தண்ணீரில் கசியவிடும். அயலிலுள்ள கல்லுப் பவளம் வளராமல் சுருங்கும், சிலவேளை சாகும். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் கோல், சம்மார்க்கோ என்ற ஆய்வாளர்கள் 1980களில் இதைக் காட்டினார்கள். கடலில் அந்தக் கசிவை அலை அடித்துக்கொண்டு போய்விடும். 300 லீற்றர் தொட்டியில் அது எங்கே போகும்? சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வரும்.

மாற்று ஒன்றுதான்: கரி. செயலூட்டிய கரியை வடிகட்டியில் போட்டு, மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றவேண்டும். உலகச் சந்தையில் இந்தக் கரிக்குப் பெயர்போன நாடுகளில் ஒன்று இலங்கை. நாம் அடுப்பில் எரித்த அதே தேங்காய்ச் சிரட்டைதான் மூலப்பொருள்.

● கைகளை எண்ணிப் பாருங்கள். எட்டுக் கை என்றால் ஒரு பெருங்குடும்பம். ஆறு, அல்லது ஆறின் மடங்கு என்றால் மற்றது. தோல் பவளம் எட்டுக் கைக் கூட்டம். மான்கொம்பு, மூளைப் பவளம், ரோர்ச் எல்லாம் ஆறின் கூட்டம். சரி, அம்மம்மாவின் சங்கிலியில் கோத்திருந்த செம்பவளம்? அதற்குக் கை எட்டு. கல்லாக இருந்தாலும் உறவுமுறையில் அது தோல் பவளத்துக்குக் கிட்டவும் மான்கொம்புக்கு எட்டவும் நிற்கிறது.

அந்தச் செம்பவளம் நம் கடலில் எடுத்ததுமல்ல, மத்தியதரைக் கடலில் எடுத்தது. செங்கடல் வழி வாணிபம் பற்றி முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளுஸ், முசிறியில் இறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சொல்கிறது. உரோமர்கள் நம் முத்துக்கு மயங்கினார்கள், நாம் அவர்கள் பவளத்துக்கு மயங்கினோம் என்ற கருத்தைப் பிளினி அப்போதே எழுதிவைத்திருக்கிறார். மன்னார்க் கரையில் பவளத் திட்டுகளை வைத்துக்கொண்டு பவளத்துக்கு மேற்கே காசு கொடுத்தவர்கள் நாங்கள்.

● ஹமர், ஃப்ரொக்ஸ்போன் என்ற இரண்டு பவளமும் ஒன்றையொன்று பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ரோர்ச்சை அந்தக் கூட்டத்தில் சேர்த்தால் அவர்களைச் சுடும். மூன்றும் யூஃபிலியா என்ற ஒரே பேரினத்தில்தான் இருந்தன. 2017இல் வகைப்பாட்டியலாளர்கள் ஹமரையும் ஃப்ரொக்ஸ்போனையும் பிரித்து ஃபிம்பிரியாஃபிலியா என்ற தனிப் பேரினத்தில் வைத்தார்கள். தொட்டி வளர்க்கிறவர்கள் சூடுபட்டு அறிந்திருந்த விஷயத்துக்கு ஆய்வகம் முத்திரை குத்தியது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

● ஒரே தாய்ப் பவளத்திலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளை முட்ட வைத்தால் சண்டை இல்லை, ஒட்டி ஒன்றாகிவிடும். அதே இனத்தின் வேறொரு தாயின் துண்டு என்றால் எல்லைக்கோடு விழும். புளோரிடாவின் மோட் கடலாய்வகத்தில் டேவிட் வோன், பவளத்தைச் சிறு சிறு துண்டாக்கி அருகருகே ஒட்டினால் அவை பலமடங்கு வேகத்தில் வளர்ந்து ஒன்றுசேர்வதைக் கண்டார். கையிலிருந்த பவளம் தற்செயலாக உடைந்ததில் கிடைத்த கண்டுபிடிப்பு அது. வீட்டிலும் இதைச் செய்யலாம்: வெறுமையான பாறையொன்றை மூடவேண்டுமென்றால் ஒரே தாயின் ஐந்தாறு துண்டுகளை ஒரு விரல் இடைவெளியில் ஒட்டிவிடுங்கள்.

● யாழ்ப்பாணக் கோட்டைக்கு அகழி எதற்கோ, அதற்குத்தான் தொட்டியில் மணலும். பச்சை நட்சத்திரப் பவளம் என்றொரு பாய்போலப் படரும் சாதி உண்டு. பிரதான பாறையில் விட்டால் ஆறு மாதத்தில் மற்றவர் தலையில் ஏறும். தனிக் கல்லில் ஒட்டி, சுற்றிவர நாலு விரல் மணல் விட்டுத் தீவாக வையுங்கள். சீனியாவும் அப்படியே. என்னிடம் கேட்டால் சீனியாவைத் தொடவே வேண்டாம் என்பேன். ஆனால் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அது கையை விரித்து மூடி, விரித்து மூடி இருதயம்போலத் துடிக்கும். ஏன் துடிக்கிறது என்று இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2013இல் விடை கண்டார்கள்: தன்னைச் சுற்றித் தேங்கும் ஒட்சிசன் மிகுந்த தண்ணீரைத் தள்ளிவிட்டால் உள்ளே குடியிருக்கும் பாசிகள் நன்றாக ஒளித்தொகுப்புச் செய்யும்.

● அந்தப் பாசிகளைப் பற்றியும் ஒரு சொல். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் ஒற்றை உயிரணுப் பாசிகள் வெளிச்சத்தில் சமைத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன; பல பவளங்களுக்குத் தேவைப்படும் சக்தியில் 90 வீதம் வரை இப்படி வருகிறது. தண்ணீர் அதிகம் சூடானால் குடியிருப்பாளர் வெளியேற்றப்படுவார். அதுதான் 'வெளிறல்'.

● இனி முக்கியமான சிக்கல். சண்டையைத் தடுத்துவிட்டாலும் எல்லாருக்கும் ஒரே சமையல் பிடிக்காது. மான்கொம்புக்கு உச்சி வெளிச்சம், குழம்பி அடிக்கும் நீரோட்டம், சத்துக் குறைந்த தெளிந்த தண்ணீர். ஹமருக்கும் மூளைப் பவளத்துக்கும் அதில் பாதி வெளிச்சமும் மெல்லிய ஓட்டமும் போதும். கூடினால் சதையை உள்ளிழுத்துச் சுருங்கும். காளான் பவளம் நிழலிலும் கொஞ்சம் 'ஊத்தை'த் தண்ணீரிலும்தான் பொலியும். ஆகவே மேல்தட்டு மான்கொம்புக்கு, நடுவும் அடியும் ஹமர், மூளைப் பவளம் போன்ற பெரிய வாய்க்காரருக்கு, நிழல் மூலை காளானுக்கு. வெளிச்சத்தையும் ஓட்டத்தையும் இப்படிப் பங்கிடலாம். தண்ணீரைப் பங்கிட முடியாது. அது எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால் கலப்புத் தொட்டி வைக்கிறவர், யாருக்கும் உச்சமாக இல்லாத, யாரையும் கொல்லாத ஒரு நடுநிலையில் தண்ணீரை நிறுத்தி அங்கேயே மாறாமல் வைத்திருக்கவேண்டும். சோதனையில் வரும் எண்ணைத் துரத்துவதைவிட அந்த எண் ஆடாமல் இருப்பதுதான் பவளத்துக்குப் பிடிக்கும்.

● றிச்மண்ட் ஹில் குழாயில் வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர். யோர்க் பிராந்தியம் அதை ரொறன்ரோவிடமிருந்தும் பீல் பிராந்தியத்திடமிருந்தும் வாங்குகிறது. ரொறன்ரோத் தண்ணீரில் கிருமி கொல்லக் குளோரமீன் இருக்கிறது. குளோரீன் என்றால் வாளியில் ஒருநாள் வைத்தால் ஆவியாகும். குளோரமீன் இலேசில் போகாது. அதோடு, பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரையாமலிருக்க 2014 தொடக்கம் அங்கே பொஸ்பேற்றும் சேர்க்கிறார்கள். நமக்கு நல்லது. தொட்டிக்கோ அது பாசிக்குப் போடும் பசளை. ஊரில் கிணற்றுத் தண்ணீரில் மீன் வளர்த்த பழக்கத்தில் குழாயைத் திறந்து ஊற்றியவர்கள் பச்சைக் கம்பளம் வளர்த்த கதை எனக்கு நிறையத் தெரியும். ஆர்.ஓ. வடிகட்டி ஒன்று வாங்குங்கள். அதுதான் முதற் செலவு, பவளம் பிறகு.

● "ஆனையிறவு உப்புப் பைக்கற் இருக்கு, அதைக் கரைச்சா என்ன?" மாமா ஒருவர் உண்மையாகவே கேட்டார். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கல்சியம் முதலில் ஜிப்சமாகப் படிந்து பிரிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நடுவில் விளைவதைத்தான் அள்ளுகிறோம். குழம்புக்கு அது நல்லது. பவளத்துக்கு வேண்டியதோ அந்த உப்பு விட்டுவிட்டு வந்த இரண்டும்தான். தொட்டிக்கென்று செய்த உப்பை லீற்றருக்கு 35 கிராம் அளவில் கரைக்கவேண்டும். 300 லீற்றருக்குப் பத்தரைக் கிலோ.

● குளிர்காலத்தில் ஜன்னலெல்லாம் பூட்டி, ஆறேழு பேர் வீட்டில் மூச்சுவிட்டு, காஸ் அடுப்பில் வடையும் பொரித்தால் தொட்டித் தண்ணீரின் பி.எச். இறங்கும். வீட்டுக் காற்றில் கூடும் காபனீரொட்சைட்டு தண்ணீரில் கரைவதுதான் காரணம். பி.எச். இறங்கினால் கல்லுப் பவளம் எலும்பு கட்டுவது மெதுவாகும். பொங்கலன்று என் தொட்டியின் பி.எச். வருடத்திலேயே ஆகக் குறைவாக நிற்கும். வந்த சனத்தை எண்ணாமலே கணக்குச் சொல்லிவிடலாம். இன்னொரு பக்கம், ஃபேர்னஸ் போட்ட வரண்ட காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கும். குறைந்ததை நிரப்ப உப்பில்லாத தண்ணீரையே ஊற்றுங்கள்.

பி.எச். இறங்குவதற்கு ஒரு பழைய வைத்தியம் சுண்ணாம்புத் தண்ணீர். 1970களில் பீற்றர் வில்கன்ஸ் என்பவர் ஐரோப்பாவில் பரப்பிய முறை. தெளிந்த சுண்ணாம்பு நீரை இரவில் சொட்டுச் சொட்டாக விட்டால் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டைப் பிடித்துக்கொண்டு கல்சியத்தையும் காரத்தன்மையையும் சேர்த்தே கொடுக்கும், பி.எச்.சும் ஏறும். நம் கரைகளில் முருகைக்கல்லை, அதாவது பவளக் கல்லை, சூளையில் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். அந்தச் சுண்ணாம்பு இங்கே திரும்பவும் முருகைக்கல்லாகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

● கவனம், இது விளையாட்டில்லை. ஸோயன்திட் என்று விற்கும் பொத்தான்போன்ற பவளங்கள் மலிவு, நிறமோ அள்ளும். அவற்றில் சிலவற்றில், குறிப்பாகப் பலித்தோவாவில், பலிரொக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. ஹவாயின் மாவுயித் தீவிலுள்ள ஹானா ஊர் மக்கள் ஒரு குட்டையிலிருந்த 'சாவுப் பாசி'யை ஈட்டி முனையில் பூசியதாக ஒரு பழங்கதை. விஞ்ஞானிகள் தேடிப் போனபோது அது பாசியல்ல, பலித்தோவா என்று தெரிந்தது. 1971இல் மூரும் ஷோயரும் நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். இயற்கையில் கிடைக்கும் கொடிய நஞ்சுகளில் ஒன்று.

நடக்கும் விபத்து எப்போதும் ஒரே மாதிரித்தான். பாறையில் பலித்தோவா படர்ந்துவிட்டது, சுத்தம் செய்வோம் என்று யாரோ கொதிநீர் ஊற்றுவார்கள், அல்லது உரஞ்சித் தேய்ப்பார்கள். நஞ்சு ஆவியோடும் துளியோடும் காற்றில் கலக்கும். இருமல், நடுக்கம், காய்ச்சல், வாயில் இரும்புச் சுவை. 2018இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்ஷயரில் ஒரு வீட்டில் இப்படி நடந்து, அந்தக் குடும்பம் மட்டுமல்ல, உதவிக்குப் போன தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போனார்கள். கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள், காற்றில் வைத்து வெட்டாதீர்கள், பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். கையில் கீறல் இருந்தால் அன்றைக்குத் தொட்டி வேலையே வேண்டாம்.

● வீட்டில் உயிர்ப்பாறைத் தொட்டி வைக்கும் வழியை உலகுக்குக் காட்டியவர் ஐரோப்பியரல்ல, ஜகார்த்தாக்காரர். லீ சின் எங், கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துப் பவளம் வளர்த்ததை 1961இல் ஒரு அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். பாறையில் வாழும் நுண்ணுயிர்களே தண்ணீரைத் துப்புரவாக்கும் என்பது அவர் முறையின் உயிர்நாடி. இன்றைக்கு ஆயிரக்கணக்கில் காசு கொட்டிக் கருவி வாங்கிப் பூட்டிய தொட்டியும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கிறது.

● வீட்டுத் தொட்டிப் பவளம் உயிரியல் ஆய்வகங்களின் கண்ணையே திறந்திருக்கிறது. நீல விளக்கில் பவளம் மினுங்குவது ஒளிரும் புரதங்களால். பச்சைப் புரதம் ஜெலிமீனிலிருந்து வந்தது. அந்த ஆய்வுக்கு 2008இல் நோபல் பரிசும் கிடைத்தது. சிவப்பு? மொஸ்கோ விஞ்ஞானிகள், வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கும் டிஸ்கோசோமா என்ற காளான் பவளத்திலிருந்து அதை எடுத்து 1999இல் வெளியிட்டார்கள். இங்கே இருபது டொலருக்கு வாங்கி நிழல் மூலையில் போடுகிற அதே உருப்படி.

● லண்டன் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழுவினர், பவளத்தின் ஊர்க் கடலில் எந்த மாதம் எவ்வளவு சூடு, எத்தனை மணிக்குச் சூரிய உதயம், என்றைக்கு முழுநிலவு என்று பார்த்து, தொட்டியில் அதை அப்படியே நடத்தி, மான்கொம்புப் பவளங்களைக் குறித்த காலத்தில் முட்டையிட வைத்தார்கள். 2017இல் முறையை எழுதி வெளியிட்டார்கள். செயற்கை நிலவைப் பவளம் நம்பிவிட்டது.

● ஒன்ராறியோவுக்கும் பவளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, வெதுவெதுப்பான ஆழமற்ற கடலுக்கு அடியில் கிடந்தது. நயாகராச் சரிவுப் பாறைகளில் அக்காலப் பவளங்களின் உயிர்ச்சுவடுகளைக் காணலாம். ஜோன் வெல்ஸ் என்ற பேராசிரியர், நியூயோர்க், ஒன்ராறியோப் பக்கத்து டெவோனியன் காலப் பவளங்களில் நாளொரு கோடாக விழுந்த வளர்ச்சிக் கோடுகளை எண்ணினார். வருடத்துக்கு ஏறக்குறைய 400 வந்தது. 1963இல் அதை எழுதினார். அக்காலத்தில் பூமி இன்னும் வேகமாகச் சுழன்றது, வருடத்துக்கு 400 நாள் இருந்தன. நிலவின் இழுவைதான் பிறகு பூமியை மெதுவாக்கியது என்று வானியலாளர் போட்ட கணக்குக்கு அது சாட்சியாயிற்று. 1935இல் திறந்த நம்மூர் டேவிட் டன்லப் வானாய்வகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதைச் சொல்லிவையுங்கள்.

● கனடாக் கடலில் இப்போதும் பவளத் திட்டு உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கப்பால் லோஃபிலியா என்ற குளிர்நீர்ப் பவளத்தின் உயிருள்ள திட்டு 2021இல் கண்டறியப்பட்டது. பசிபிக்கில் தெரிந்தவற்றில் ஆக வடக்கே இருப்பது அதுதான். வெளிச்சமே போகாத ஆழம். அங்கே பாசி குடியிருப்பதில்லை. கைக்கு அகப்பட்டதைப் பிடித்துத் தின்றே வாழ்கிறது.

● நெடுந்தீவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: கிடுகு வேலியில்லை, பனையோலை வேலியில்லை, முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டிய மதில்கள்தான் காணி எல்லை. எல்லைக்காக ஆயுள் முழுக்கச் சண்டைபோட்ட பிராணியின் எலும்பு, செத்த பிறகும் எல்லை காக்கிறது.

அக்கரையில் தூத்துக்குடிப் பக்கம் கதை சோகமானது. சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்குமாகப் பல்லாண்டு பவளம் வெட்டியதில், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. 1986இல் அந்தத் தீவுக் கூட்டம் கடல்சார் தேசியப் பூங்காவானது. 2001இல் இந்தியா பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் வைத்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் 2002 தொடக்கம் பவளத் துண்டுகளைக் கொங்கிறீற் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். நாங்கள் பேஸ்மென்றில் விளையாட்டாகச் செய்யும் வேலையை அவர்கள் தீவு கரையாமல் காக்கச் செய்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள்: ஊருக்குப் போனால் நிலாவெளியிலோ புறாத்தீவிலோ ஒரு பவளத் துண்டைத் துவாயில் சுற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கல்லுப் பவளம் முழுவதும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடு கடக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். பவளம் வேண்டுமென்றால் இங்கேயே தொட்டியில் வளர்ந்த துண்டை வாங்குங்கள். விலையும் குறைவு, பிழைப்பதும் அதிகம்.

● 2013 டிசம்பர் 21, 22 உறைமழையை மறந்திருக்கமாட்டீர்கள். ரொறன்ரோவிலும் இந்தப் பக்கத்திலும் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. தொட்டியில் முதலில் தீர்வது சூடல்ல, ஒட்சிசன். பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றை இப்போதே வாங்கி லாச்சியில் போட்டு வையுங்கள். கண்ணாடியைச் சுற்றக் கம்பளி வீட்டில் இருக்கும்தானே.

● கடைசியாக ஒன்று. புதிதாக ஒரு துண்டு வாங்கி வைத்தால், விளக்கெல்லாம் அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, ரோர்ச் லைற்றுக்குச் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு தொட்டிக்குக் கிட்டப் போங்கள். சிவப்பு வெளிச்சத்தில் அவை அவ்வளவாக மிரளாது. ஆர் கை நீட்டுகிறார், எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளியைப் பகலில் அளக்காதீர்கள்.